தொடக்க வீச்சாளர்களின் தடுமாற்றத்தை ஒற்றை வரியில் கடந்துவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியின் 2025ஆம் ஆண்டுப் பருவத்தைத் திரும்பிப் பார்த்து, தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்தோடு வாசித்தேன். 1993க்குப் பிறகு முதன்முறையாக மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குச் சென்ற அணியைப் பற்றி எழுதும்போது விளாடிமிர் குரேரோவின் துடுப்புக்கும், ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இனிங்ஸுக்கும் கூடுதல் இடம் கிடைப்பது இயல்பே. எனினும், பருவத்தின் தொடக்கத்தில் வீச்சு சற்றுத் தடுமாறினாலும் பின்னர் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது என்ற பொருள்பட ஒரே ஒரு வரியை எழுதிவிட்டு உங்கள் கட்டுரையாளர் ஜூலை மாதத்துக்குத் தாவியதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தடுமாற்றம் தானாக வந்ததும் அல்ல, தானாகப் போனதும் அல்ல. அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஒரு குறை. அதற்கான விலையை அணி ஒக்ரோபர் வரை கட்டிக்கொண்டிருந்தது என்பதே என் கருத்து.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்குத் தொடக்க வீச்சாளரின் இடம் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கிரிக்கெட்டில் காலையில் அடி வாங்கிய பந்துவீச்சாளரை அணித்தலைவர் ஓரமாக நிறுத்திவைத்து, மதிய உணவுக்குப் பிறகு மறுமுனையில் இருந்து வீச அழைக்கலாம். பேஸ்போலில் அந்தச் சலுகை கிடையாது. வீச்சாளர் நின்று வீசும் மேட்டைவிட்டு இறக்கப்பட்டு ஆட்டத்தில் இருந்து விலக்கப்பட்டவர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. ஒன்பது இனிங்ஸில் இருபத்தேழு பேரை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டும். தொடக்க வீச்சாளர் அவர்களில் பதினெட்டுப் பேரைப் பார்த்துக்கொண்டால் எஞ்சிய ஒன்பது பேருக்கு மாற்று வீச்சாளர்கள் மூவர் போதும். அவர் நான்காவது இனிங்ஸிலேயே சரிந்துவிட்டால் பதினேழு, பதினெட்டுப் பேரை அந்த மாற்று வீச்சாளர்களே சமாளிக்க வேண்டும். இருபத்தாறு பேர் கொண்ட அணியில் வீச்சாளர்கள் பதின்மூவருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. நாளுக்கு ஒருவராக முறைவைத்துத் தொடங்க ஐவர் என்றால், புல்பென்னில், அதாவது மாற்று வீச்சாளர் வரிசையில், இருப்பவர்கள் எண்மர் மட்டுமே. இன்று ஐவரைச் செலவழித்தால் நாளைக்கு எஞ்சுவது மூவர். நாளைய தொடக்க வீச்சாளரும் சரிந்தால் என்ன நடக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி, உங்கள் கட்டுரை தாவிச் சென்ற வாரங்களுக்கு வருகிறேன். மார்ச் 27ஆம் தேதி ரொஜர்ஸ் சென்ரரில் நடந்த தொடக்க நாள் ஆட்டத்தில், ஹோசே பெரியோஸ் தொடங்கிய வீச்சுக்கு எதிராகப் பால்ற்றிமோர் ஓரியோல்ஸ் ஆடி, 12க்கு 2 என்று வென்றது. அன்றைக்கு மட்டும் அந்த அணி ஆறு ஹோம் ரன்களை (கிரிக்கெட்டின் ஆறு போல, பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடிகளை) அடித்தது. இரண்டு நாள் கழித்து மக்ஸ் ஷேர்சர் மேடேறினார். சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதை மூன்று முறை வென்றவர், நாற்பது வயது, ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒன்றரைக் கோடி டொலருக்கும் மேலான சம்பளம். மூன்று இனிங்ஸோடு வலது கைப் பெருவிரல் வீக்கம் காரணமாகக் காயப் பட்டியலுக்குப் போனவர், ஜூன் மாதக் கடைசியில்தான் மீண்டும் மேடேறினார். அவருடைய இடத்தில் நிறுத்தப்பட்ட ஈஸ்ரன் லூக்கஸ் முதல் இரண்டு ஆட்டங்களில் ஓட்டமே கொடுக்காமல் வீசி எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தார். எதிரணிகள் அவரைப் படித்துக்கொண்ட பிறகு அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதன்பின் ஐந்தாவது இடம் என்பது பெயரளவில் மட்டுமே இருந்தது. அந்த நாள் வரும்போதெல்லாம் மாற்று வீச்சாளர்களை ஒருவர்பின் ஒருவராக அனுப்பிப் பொழுதை ஓட்ட வேண்டியிருந்தது.

நான்காவது இடத்தின் நிலையும் மேலானதாக இல்லை. 2024ஆம் ஆண்டின் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் இரண்டு முறை ஒன்பதாவது இனிங்ஸ் வரை எதிரணிக்கு ஒரு ஹிற் (தளத்தை எட்டவைக்கும் அடி) கூடக் கொடுக்காமல் வீசிய போடன் பிரான்சிஸ், 2025இல் 64 இனிங்ஸில் 19 ஹோம் ரன்களைக் கொடுத்தார். இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி, ஒன்பது இனிங்ஸுக்கு 6.05 ஓட்டம் என்ற சராசரியோடு, ஜூன் மாதத்தில் தோள்பட்டை வலியால் அவருடைய பருவம் முடிந்தது. அணியின் முதல்நிலை வீச்சாளரான கெவின் கோஸ்மனுக்கும் கெட்ட நாள் வாய்த்தது. ஏப்ரல் 27ஆம் தேதி யாங்கி விளையாட்டரங்கில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். அவற்றில் முதலாவது ஆட்டத்தின் மூன்றாவது இனிங்ஸில் அவர் 53 பந்துகளை வீசினார். ஒரு வீச்சாளர் நல்ல நாளில் மூன்று, நான்கு இனிங்ஸுக்கு வீசும் பந்துகள் அவை. ஐந்து பேருக்கு வோக் (நான்கு பந்துகள் எல்லைக்கு வெளியே போனால் கிடைக்கும் இலவச முதல் தளம்) கொடுத்து, அந்த இனிங்ஸை முடிக்க முடியாமலே அவர் வெளியேறினார். ஆட்டம் 11க்கு 2 என்று போனது. அதைவிடப் பெரிய இழப்பு, அன்று மாலை இன்னுமோர் ஆட்டம் காத்திருக்கும்போது புல்பென் முதல் ஆட்டத்திலேயே காலியாகத் தொடங்கியதுதான். மே மாதத்தின் கடைசி வாரத்திலும் அணியின் தோல்விகள் வெற்றிகளைவிடக் கூடுதலாகவே இருந்தன.

இவற்றையெல்லாம் கெட்ட காலம் என்று சொல்லிவிட முடியுமா? ஷேர்சரின் பெருவிரல் 2023 முதலே அவருக்குத் தொல்லை கொடுத்து வந்தது. அது தெரிந்தே அணி அவரை ஒப்பந்தம் செய்தது. இன்னொரு தொடக்க வீச்சாளரான அலெக் மனோவா 2024 ஜூன் மாதத்தில் முழங்கைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். அத்தகைய சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் மேடேற ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும் என்பது ஊரறிந்த விடயம். தொடக்க வீச்சாளர் யூசெய் கிக்குச்சியை 2024 ஜூலையில் அணியே ஹியூஸ்ரனுக்கு விற்றுவிட்டது. பிரான்சிஸ் தொடக்க வீச்சாளராகக் காட்டியிருந்தது இரண்டு மாத வீச்சு மட்டுமே. ஆக, ஐந்து இடங்களில் ஒன்றை நாற்பது வயதுக்காரரிடமும், இன்னொன்றை இரண்டு மாத நம்பிக்கையிடமும் ஒப்படைத்துவிட்டு, அவர்களுக்குப் பின்னால் ஆறாவது, ஏழாவது ஆளாக எவரையும் உறுதியாக வைத்துக்கொள்ளாமல் பருவத்தைத் தொடங்கியிருந்தார்கள். பொது முகாமையாளர் ரொஸ் அற்கின்ஸ் மீது எனக்குத் தனிப்பட்ட மனக்குறை எதுவும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் பெரும் பணம் கொடுத்து ஒருவரை வாங்கியிருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அப்போது சந்தையில் இருந்தவர்களில் முன்வரிசையில் நின்ற கோர்பின் பேர்ண்ஸ் ஆறு ஆண்டுகளுக்கு 21 கோடி டொலர் பெற்று அரிசோனாவுக்குப் போய், ஜூன் மாதத்தில் முழங்கைச் சத்திரசிகிச்சை மேசையில் படுத்தார். குறை பணத்தில் அல்ல, எண்ணிக்கையில். 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தை ஐந்து தொடக்க வீச்சாளர்களைக் கொண்டு ஓட்டிமுடிக்கும் அணியை மேஜர் லீக்கில் இப்போது காண்பது அரிது. எட்டுப் பேர், ஒன்பது பேர் தேவைப்படுவார்கள் என்று தெரிந்தே பெப்ரவரியில் ஆள் சேர்க்க வேண்டும்.

வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால், தொடக்க வார எண்களை எப்படிப் பார்ப்பது என்பது பற்றியும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். உங்கள் பக்கம் வாராவாரம் வெளியிடும் அட்டவணையில் வெற்றி, தோல்வி, சராசரி ஆகிய மூன்றும் மட்டுமே இருக்கின்றன. ஒரு வீச்சாளர் ஐந்து ஆட்டங்களில் 27 இனிங்ஸ் வீசி 12 ஓட்டம் கொடுத்திருந்தால் அவருடைய சராசரி 4.00. ஆறாவது ஆட்டத்தில் இரண்டே இனிங்ஸில் ஏழு ஓட்டம் கொடுத்துவிட்டால் அது ஒரே நாளில் 5.90 ஆக ஏறிவிடும். அடுத்த ஐந்து ஆட்டங்களிலும் அவர் ஆறு இனிங்ஸுக்கு இரண்டு ஓட்டம் என்று அருமையாக வீசினாலும் சராசரி 4.42க்குத்தான் இறங்கும். அதாவது, ஒரு மாலைப் பொழுதின் பிழையை ஏறக்குறைய ஒரு மாத உழைப்பாலும் முழுமையாக அழிக்க முடியாது. ஏப்ரல் மாதச் சராசரியை வைத்து ஒருவரைத் தூக்கி எறியச் சொல்பவர்களும், அதே சராசரியை வைத்து இன்னொருவரைத் தலையில் தூக்கி வைப்பவர்களும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

வெற்றி தோல்விக் கணக்கு இதைவிடவும் ஏமாற்றக்கூடியது. 2015ஆம் ஆண்டு இதே அணியின் தொடக்க நாள் வீச்சாளராக இருந்த ட்ரூ ஹட்சிசன் பதின்மூன்று வெற்றி, ஐந்து தோல்வி என்ற கணக்கோடு பருவத்தை முடித்தார். அவருடைய சராசரியோ 5.57. ஹோசே பௌட்டிஸ்டாவும் எட்வின் என்கார்னசியோனும் ஜோஷ் டொனால்ட்சனும் அவருக்காக ஓட்டங்களைக் கொட்டியதால் கிடைத்த வெற்றிகள் அவை. அந்த ஆண்டின் முற்பாதியிலும் தொடக்க வீச்சு இப்படித்தான் ஆட்டம் கண்டிருந்தது. மார்க்கஸ் ஸ்ட்ரோமன் பயிற்சி முகாமிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து செப்ரெம்பர் வரை வெளியில் இருந்தார். அணியில் இடம் கொடுக்கப்பட்ட இளைஞர் டானியல் நொரிஸ் ஒரு மாதத்தோடு கீழ்நிலையான மைனர் லீக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஜூலைக் கடைசியில் டேவிட் பிரைஸ் வந்து சேரும் வரை எத்தனை ஓட்டம் அடித்தும் அணி வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவிலேயே நின்றது.

அப்படியானால் தொடக்க வாரங்களில் எதைத்தான் பார்ப்பது? மூன்றைப் பார்க்கலாம் என்பேன்: பந்தின் வேகம் சென்ற ஆண்டைவிடக் குறைந்திருக்கிறதா, வோக் கூடுகிறதா, ஒரு இனிங்ஸை முடிக்க எத்தனை பந்துகள் செலவாகின்றன. மனோவாவின் கதையை மறந்திருக்க மாட்டீர்கள். 2022இல் சை யங் வாக்கெடுப்பில் அமெரிக்கன் லீக்கில் மூன்றாவதாக வந்தவர், 2023இன் தொடக்க நாளில் சென்ற் லூயிஸில் மேடேறி நான்கு இனிங்ஸ் கூட நிற்க முடியாமல் இறங்கினார். அணி 10க்கு 9 என்று வென்றுவிட்டதால் அந்த வீச்சைப் பற்றி அன்று எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அடுத்து வந்த இரண்டு மாதங்களில் அவர் கொடுத்த வோக்குகளின் எண்ணிக்கை, மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழக்கச் செய்யும் ஸ்ட்ரைக் அவுட்டுகளை எட்டிப்பிடிக்கும் அளவுக்குப் போனது. ஜூன் 5ஆம் தேதி ஹியூஸ்ரனுக்கு எதிராக ஒரேயொருவரை ஆட்டமிழக்கச் செய்வதற்குள் ஆறு ஓட்டங்களைக் கொடுத்தவர், மறுநாள் புளோரிடாவில் உள்ள மிகக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்டார். அதன்பிறகு அவர் பழைய மனோவாவாகத் திரும்பவேயில்லை. கோஸ்மனின் அந்த 53 பந்து இனிங்ஸோ வேறு வகையானது. வேகமும் இருந்தது, அவருடைய ஸ்பிளிற்றர் பந்தும் வழக்கம்போல் கீழே விழுந்துகொண்டிருந்தது. பந்தை ஸ்ட்ரைக் எல்லைக்குள் இறக்கும் கட்டுப்பாடு மட்டும் அந்த ஒரு நாள் கைவரவில்லை. பருவத்தின் முடிவில் அவர் 193 இனிங்ஸ் வீசி 3.59 என்ற சராசரியில் நின்றார். இருவருடைய ஏப்ரலும் அட்டவணையில் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். ஒன்று நோய், மற்றது ஒரு நாள் காய்ச்சல்.

இன்னொரு அணியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும். தொடக்க நாளில் நம்மை நையப்புடைத்த அதே பால்ற்றிமோருக்கும் அந்த வசந்தத்தில் தொடக்க வீச்சுத்தான் வியாதி. 2023இல் 101 ஆட்டங்களை வென்ற அணி அது. பேர்ண்ஸ் போய்விட்டார், கிரேசன் ரொட்றிகெஸ் காயத்தால் 2025இல் ஒரு பந்து கூட வீசவில்லை, நாற்பத்தொரு வயது சார்லி மோர்ட்டன் முதல் வெற்றிக்கு முன்பே ஏழு தோல்விகளைக் கண்டார். ஏப்ரல் 20ஆம் தேதி சொந்த மைதானத்தில் சின்சினாற்றி அணி அவர்களை 24க்கு 2 என்று அடித்தபோது, கடைசி இனிங்ஸ்களில் வீச்சாளர்களே அல்லாதவர்களை மேடேற்றிப் பொழுதைக் கழிக்க வேண்டியதாயிற்று. 15 வெற்றி, 28 தோல்வி என்றிருந்த மே 17இல் முகாமையாளர் பிரண்டன் ஹைட் பதவி நீக்கப்பட்டார். பருவத்தின் முடிவில் அவர்கள் 75 வெற்றிகளோடு பிரிவின் கடைசியில்; ரொறன்ரோ 94 வெற்றிகளோடு முதலிடத்தில். முகாமையாளரை மாற்றியதால் பால்ற்றிமோரில் எவருடைய முழங்கையும் குணமாகிவிடவில்லை. நம் ஊரிலும் மே மாதத்தில் முகாமையாளர் ஜோன் ஷ்னைடரின் தலையைக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ரொறன்ரோ தப்பியது எப்படி என்பதில்தான் உங்கள் கட்டுரை வீச்சாளர் எரிக் லவருக்குப் பெரிய அநீதி இழைத்திருக்கிறது. அவருடைய பெயரே அதில் இல்லை. 2024இல் மேஜர் லீக்கில் இடம் கிடைக்காமல் கொரியாவுக்குப் போய் கியா ரைகர்ஸ் அணிக்கு வீசியவர். அந்தக் குளிர்காலத்தில் ரொறன்ரோ அவரோடு செய்தது மைனர் லீக் ஒப்பந்தம் மட்டுமே. எந்தப் பத்திரிகையும் அதைப் பெரிதாகப் போடவில்லை. ஏப்ரல் கடைசியில் பஃபலோவில் உள்ள நம் மைனர் லீக் அணியில் இருந்து அழைக்கப்பட்டவர், முதலில் இன்னொருவர் வீசிவிட்டுப் போன பிறகு வந்து நடு இனிங்ஸ்களைத் தாங்கினார். பிறகு தானே தொடங்கினார். ஒன்பது வெற்றி, இரண்டு தோல்வி, 3.18 என்ற சராசரியோடு முடித்தார். ஐந்தாவது இடத்தில் இருந்த ஓட்டையை அடைத்தவர் அவர். உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் பதினெட்டு இனிங்ஸுக்கு நீண்டபோதும், ஓட்டமே கொடுக்காமல் நாலரை இனிங்ஸுக்கு மேல் வீசி அணியை உயிரோடு வைத்திருந்தவர் அவரே.

ஜூலை 31இல் கிளீவ்லண்டில் இருந்து வாங்கப்பட்ட தொடக்க வீச்சாளர் ஷேன் பீபர் பற்றியும், இளம் வீச்சாளர் ட்ரே யெசாவிஜ் பற்றியும் உங்கள் கட்டுரை நிறையவே எழுதிவிட்டது. நான் கூட்டுவதற்கு அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணியான டொட்ஜர்ஸ் ஆட்டக்காரர் பன்னிருவரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, ஒருவருக்குக் கூட வோக் கொடுக்காத அந்த இருபத்திரண்டு வயது இளைஞர், ஏப்ரல் மாதத்தில் டனீடினில், மைனர் லீக்கின் கீழ்ப்படிகளில் ஒன்றில் வீசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து வான்கூவர், நியூ ஹம்ஷயர், பஃபலோ என்று ஒவ்வொரு படியாக ஏறி செப்ரெம்பர் நடுவில்தான் மேலே வந்தார். மேலே தொடக்க வீச்சாளர்கள் தடுமாறிக்கொண்டிருந்த வாரங்களில் கீழே யார் எப்படி வீசுகிறார் என்று சொல்ல உங்கள் பக்கத்தில் நான்கு வரி இருந்திருந்தால், அவர் செப்ரெம்பரில் வானத்தில் இருந்து குதித்தவர் போல் நம் வாசகர்களுக்குத் தோன்றியிருக்க மாட்டார். பஃபலோ நமக்குக் குயின் எலிசபெத் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரப் பயணம். செய்தி சேகரிக்க முடியாத தொலைவு அல்ல.

விலை என்று மேலே சொன்னேன், அதற்கு வருகிறேன். தொடக்க வீச்சாளர்கள் சீக்கிரம் இறங்கிய நாள்களில் எல்லாம் மேடேறியவர்கள் மாற்று வீச்சாளர்கள். இடது கை வீச்சாளர் பிரெண்டன் லிற்றில் அந்தப் பருவத்தில் 79 ஆட்டங்களில் வீசினார். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்பதற்கு ஏறத்தாழச் சமமான கணக்கு அது. மே, ஜூன் மாதங்களில் எதிரணிகள் தொட முடியாதவராக இருந்த அவரே, ஒக்ரோபரில் சியாற்றிலுக்கு எதிரான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 2க்கு 1 என்று அணி முன்னிலையில் இருந்த எட்டாவது இனிங்ஸில் வந்து, கால் ராலியிடம் ஹோம் ரன் கொடுத்து, அடுத்தடுத்து இருவருக்கு வோக்கும் கொடுத்துவிட்டு இறங்கினார். ஆட்டம் 6க்கு 2 என்று கைநழுவியது. உலகத் தொடரின் பதினெட்டு இனிங்ஸ் ஆட்டத்தை டொட்ஜர்ஸின் பிரெடி பிறீமன் ஒரே அடியில் முடித்துவைத்ததும் லிற்றிலின் பந்தில்தான். ஏப்ரலில் தொடக்க வீச்சாளர்கள் இன்னும் இரண்டு இனிங்ஸ் நின்றிருந்தால் ஒக்ரோபரில் லிற்றில் சரிந்திருக்க மாட்டார் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். அவருடைய பந்துகள் ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே விழுவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் ஒரு மனிதனின் தோள் 79 முறை சூடேறிக் குளிர்ந்ததற்கும், அந்தத் தேவை எந்த மாதத்தில் ஆரம்பித்தது என்பதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஏப்ரலில் தோற்றால் என்ன, இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கும் 2025ஆம் ஆண்டின் கணக்கே பதில் சொல்கிறது. ரொறன்ரோவும் நியூயோர்க் யாங்கீஸும் 94 வெற்றி, 68 தோல்வி என்று சமமாகவே முடித்தன. இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களில் ரொறன்ரோ 8க்கு 5 என்று முந்தியிருந்ததால் மட்டுமே கிழக்குப் பிரிவு நம் கைக்கு வந்தது. வசந்தத்தில் இன்னும் ஒரேயொரு ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தால், முதல் சுற்று ஓய்வும் இல்லை, சொந்த மைதானமும் உறுதியில்லை. அந்த ஓய்வு இல்லாமல் மூன்று ஆட்டச் சுற்றொன்றில் கோஸ்மனையும் பீபரையும் முன்கூட்டியே செலவழித்திருந்தால் யாங்கீஸுக்கு எதிராக யார் தொடங்கியிருப்பார் என்பதை உங்கள் கட்டுரையாளரிடமே கேட்டுப் பாருங்கள்.

பொறுமைக்கும் இதில் இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஷேர்சர் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி, 5.19 என்ற சராசரியோடு வழக்கமான பருவத்தை முடித்து, யாங்கீஸுக்கு எதிரான தொடரில் அணியிலேயே சேர்க்கப்படாமல் விடப்பட்டவர். அவரே சியாற்றிலில் நான்காவது ஆட்டத்தில் ஐந்தாவது இனிங்ஸில் ஷ்னைடர் மேட்டை நோக்கி நடந்து வந்தபோது, முகாமையாளரின் முகத்துக்கு நேரே சத்தம் போட்டு, பந்தைக் கொடுக்க மறுத்து, ஆட்டத்தை வென்று கொடுத்தார். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். ஒரே ஓட்டம் கொடுத்துவிட்டு இறங்கினார். எதிரே நின்ற டொட்ஜர்ஸ் அணிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் பிளேக் ஸ்நெல், ரைலர் கிளாஸ்நோ, ரோகி சசாகி என்று மூன்று தொடக்க வீச்சாளர்கள் தோள்பட்டைக் கோளாறால் விழுந்திருந்தனர் என்பதையும் கவனிக்க வேண்டும். கடைசிவரை வந்த இரு அணிகளும் வசந்தத்தில் வீச்சாளர் இல்லாமல் தவித்த அணிகளே. பொறுமையாக இருக்க அவர்களால் முடிந்ததற்குக் காரணம், காத்திருக்கும் நாள்களில் வீசுவதற்கு வேறு கைகள் இருந்தன அல்லது தேடிப் பிடிக்கப்பட்டன என்பதுதான்.

2026ஆம் ஆண்டுப் பருவத்துக்கு வீச்சாளர் டிலன் சீஸை ஏழு ஆண்டுகளுக்கு 21 கோடி டொலர் கொடுத்து அணி வாங்கியிருக்கிறது. கொரியாவில் கலக்கிய கோடி பொன்ஸும் வருகிறார், பீபர் தங்கிவிட்டார். கோஸ்மன், யெசாவிஜ், பெரியோஸ், லவர் ஆகியோரையும் சேர்த்தால் காகிதத்தில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. ஆனால் பெரியோஸ் முழங்கை வீக்கத்தோடு பருவத்தை முடித்தவர், பீபர் 2024இல் முழங்கைச் சத்திரசிகிச்சை செய்தவர், யெசாவிஜ் மேஜர் லீக்கில் இன்னும் ஒரு முழுப் பருவம் வீசிப் பார்க்காதவர். இந்த ஏழில் இருவர் ஏப்ரல் மாதத்திலேயே விழுந்தால் எட்டாவது ஆள் யார் என்பதே என் முதல் கேள்வி. மார்ச் மாதம் நீங்கள் வெளியிடும் பருவ முன்னோட்டத்தில் அதற்குப் பதில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாராந்த அட்டவணையில் வெற்றி தோல்விக்குப் பக்கத்தில், தொடக்க வீச்சாளர் எத்தனை இனிங்ஸ் நின்றார், எத்தனை வோக் கொடுத்தார் என்ற இரண்டு பத்திகளையும் சேர்த்து, பஃபலோவில் அந்த வாரம் தொடங்கிய வீச்சாளர்களின் பெயர்களை அதன் கீழே சிறிய எழுத்தில் போட்டால்கூடப் போதும். இடம் இல்லை என்றால் ஹொக்கி வர்த்தக வதந்திகளில் கொஞ்சத்தைக் குறைக்கலாம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஸ்காபரோ.